இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

ஜனவரி 8

சகோதரிக்கு,

நான் நலம். உன் அண்ணியும் நலம். முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் பதிப்பாளரிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே உங்கள் ஊர் மொழியில் இரண்டு பக்கக் கடிதம். நம் மொழியில் ஒரு சம்மதப் பத்திரம். என் கவிதைகளில் நாற்பதை நீ மொழிபெயர்த்துப் புத்தகமாகப் போட நான் சம்மதிக்கிறேனாம். ஜூன் முப்பதுக்குள் போய்ச் சேரவேண்டுமாம், இல்லையென்றால் புத்தகம் கிடையாதாம். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் யாரோ பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். எனக்கு இடம் கண்டுபிடிக்கத் தெரியாது என்று நினைத்திருப்பார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. காரணம் உனக்குத் தெரியும். தெரியாதது போல் இருந்தால் சொல்கிறேன்.

பதினோரு வருடங்களுக்கு முன் ‘இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே’ என்ற என் கவிதையை மொழிபெயர்த்தாய். அது வந்த தொகுப்பை எனக்கும் அனுப்பினாய். அந்த மொழி எனக்குத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். நான் எழுதியது பதினாறு வரி. அச்சில் இருந்தது பதினான்கு. மூன்று தடவை எண்ணினேன். நம்பாமல் உன் அண்ணியையும் எண்ணச் சொன்னேன். இத்தனை நாள் இதை நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

நாற்பது வருடத்துக்கு மேல் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். பிரித்துப் பூட்டிய பிறகு இரண்டு திருகு மிச்சம் இருந்தால் அந்த லிஃப்ட்டில் நான் ஏறமாட்டேன். வேறு யாரையும் ஏற்றவும் மாட்டேன். எட்டாவதுக்கு மேல் எனக்குப் படிப்பு இல்லை. கவிதை எழுத யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் திருத்தவும் யாரும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்.

ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். இவருக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. அண்ணியின் முழங்காலுக்குச் சூடான துணி ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை.

‘சகோதரிக்கு’ என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். பொதுக்கூட்டத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது. போனில் திட்டியிருக்கலாமே என்று நினைத்தேன். போனில் நான் அழுதால் நீங்கள் வைத்துவிடுவீர்கள்; கடிதமே மேல்.

அண்ணா, வரிகளை எடுத்தது உண்மைதான். ஆனால் அவமதிப்பாக எடுக்கவில்லை. லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. உள்ளே இருட்டில் ஒரு பெண். கதவுக்கு வெளியே நீங்கள், வேலை செய்துகொண்டே பேச்சுக் கொடுக்கிறீர்கள். அவள் ‘இன்னும் இருக்கிறீர்களா?’ என்று கேட்கிறாள். ‘இருக்கிறேன்’ என்கிறீர்கள். கவிதை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எது வந்தாலும் விளக்கவுரைதான்.

செவ்வாய்க்கிழமை மாலை என் எழுத்து வகுப்பு நடக்கும். நீள மேசை, பன்னிரண்டு நாற்காலிகள். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் நான் சொல்வது இதுதான்: ‘எழுதி முடித்ததும் கடைசி இரண்டு வரியைக் கையால் மூடிவிட்டுப் படியுங்கள்.’ உங்கள் கவிதையைத்தான் எடுத்துக்காட்டாக வைக்கிறேன். இங்கே பள்ளிப் பாடப் புத்தகத்திலும் அது இருக்கிறது. குழந்தைகள் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அது உங்களுக்குச் சந்தோஷம் தராதா?

தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
தங்கை.

பிப்ரவரி 10

சகோதரிக்கு,

எல்லோரும் நலம். மூச்சு உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

குழந்தைகள் மனப்பாடம் செய்வது என் கவிதை அல்ல. என் கவிதையின் வாலை வெட்டிவிட்டு, மிச்சத்தை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறாய். போதாததற்கு வருடத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு வெட்டவும் கற்றுக்கொடுக்கிறாய். நீ மறந்திருப்பாய் என்பதால் அந்த இரண்டு வரியை இங்கே எழுதுகிறேன்:

கதவு திறந்தது; என் முகம் பாராமல் அவள் போனாள்.
நான் உள்ளே ஏறி விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன்.

இதில் என்ன விளக்கவுரை இருக்கிறது? மாட்டிக்கொண்ட ஆள் வெளியே வந்ததோடு வேலை முடிந்துவிடாது. உள்ளே போய் விளக்கைப் பார்க்கவேண்டும், மணியை அழுத்திப் பார்க்கவேண்டும், ஒரு தடவை மேலே போய்க் கீழே வரவேண்டும். பிறகுதான் பதிவேட்டில் எழுதலாம். உன் பதினான்கு வரியில் இருப்பவன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நிற்கிற ஆள். அவனை நான் ஒரு நாள்கூட வேலைக்கு வைத்திருக்க மாட்டேன்.

உன் அண்ணி இதை எட்டிப் பார்த்துவிட்டு, “நாலு வார்த்தை நல்லதா எழுதினா பேனா உடைஞ்சிடுமா?” என்கிறாள். அதையும் எழுதிவிட்டேன்.

இரண்டு வரியும் வந்தால் கையெழுத்து. வராவிட்டால் இல்லை.

வேறொன்றுமில்லை. உங்கள் ஊர் மொழிக்கு நல்ல பெரிய அகராதி எது என்று எழுது. இங்கே நூலகர் கேட்டார்.

அண்ணன்.

பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் நலத்துக்கும் அண்ணியின் நலத்துக்கும் என் பிரார்த்தனை. எனக்கு ஒரு வாரமாகச் சளி.

நூலகருக்காக அகராதியையே வாங்கித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு செங்கல் கனம். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பதிப்பாளர் அம்மாளிடம் பேசினேன். எல்லோருக்கும் தெரிந்த வடிவத்தை இப்போது மாற்றவேண்டாம் என்கிறார். அந்த இரண்டு வரியை அடிக்குறிப்பாகப் போடலாம் என்று நான் கேட்டேன். அதற்கு ஒத்துக்கொண்டார். சிறிய எழுத்தில், அதே பக்கத்தின் அடியில் வரும். இதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

இவர் சிரிக்கிறார். “நம்ம கல்யாணப் பதிவுல சாட்சிக் கையெழுத்துப் போடறதுக்கே அரை மணி நேரம் படிச்சுப் பாத்தவரு உங்கண்ணன். அவருகிட்ட பென்சில்ல குறி போட்டு அனுப்பினா நடக்குமா?” என்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

தங்கை.

மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பார்சல் வந்ததா? உடம்பு சரியில்லையா? அண்ணிக்குப் போன் செய்தால், “நல்லாத்தான் இருக்காரு, மோட்டார் ரூம்ல வேலை பாக்கற மாதிரி கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காரு, என்னன்னு கேட்டா முறைக்கிறாரு” என்கிறார். கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுதுங்கள். எண்ணிக்கொள்கிறேன்.

தங்கை.

ஏப்ரல் 22

தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் சளி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் அடிக்குறிப்பு. வீட்டுக்காரனை வெளியே செருப்பு விடுகிற இடத்தில் உட்காரவைத்துவிட்டு, ‘அதே வீடுதானே’ என்று சொல்வது போல் இருக்கிறது. வேண்டாம்.

அடுத்தது. அகராதி நூலகருக்கு அல்ல. எனக்கு.

நான் கடைசிப் பதினைந்து வருடம் பார்த்த லிஃப்ட்கள் எல்லாம் உங்கள் ஊரில் செய்தவை. அவற்றின் கையேடுகள் என் அலமாரியில் இருக்கின்றன. இத்தனை காலம் படத்தை மட்டும் பார்த்து வேலை செய்தேன். படத்தில் இருக்கும் ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும். பக்கத்தில் அதன் பெயர் அவர்கள் மொழியில் இருக்கிறது. அப்படி ஆரம்பித்தேன். வடம், கதவு, பூட்டு, விளக்கு. பிறகு இறுக்கு, தளர்த்து, நிறுத்து. பிறகு ‘ஒருபோதும்’ என்ற சொல்; கையேட்டில் அது பக்கத்துக்கு நான்கு தடவை வரும். அந்த உறை வந்த டிசம்பரிலிருந்தே இது நடக்கிறது. நீ என்ன வெட்டினாய் என்று நானே படித்துப் பார்க்கவேண்டும் என்றுதான் தொடங்கினேன். ஒப்புக்கொள்கிறேன், மொழிபெயர்ப்பு நன்றாகவே இருக்கிறது. பதினான்கு வரியும்.

அது முடிந்ததும் உன் பதிப்பாளரின் கடிதத்தைப் படித்தேன். பதினெட்டு நாள் ஆயிற்று. இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. இந்தப் புத்தகம் இந்த வருடம் வந்தால்தான் கல்லூரியில் உன் வேலையை நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் உனக்கு வகுப்பே இல்லை. அப்படித்தானே எழுதியிருக்கிறது? நான் தப்பாகப் படித்திருந்தால் சொல்.

மூன்று கடிதம் எழுதினாய். சளியைப் பற்றி எழுதினாய். இதை எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று நினைத்துவிடாதே. போட்டிருக்க மாட்டேன். ஆனால் சொல்லியிருக்க வேண்டும். நான் உனக்கு யார், பத்திரத்தில் இருக்கும் கோடா?

அண்ணன்.

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் நின்றுகொண்டே படித்தேன். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்படி இருந்திருக்கிறது என் முகம்.

நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். வேலையைச் சொல்லிக் கையெழுத்து வாங்க எனக்கு மனமில்லை. அப்பா இறந்த வருடம் எனக்கு இரண்டு வயது, உங்களுக்குப் பதினான்கு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கையில் ஸ்பேனரோடு நீங்கள் ஏன் வெளியே போனீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் இன்னொன்றையும் நான் எப்படிக் கேட்பேன்?

இதையும் சொல்லிவிடுகிறேன். கவிதை ‘இருக்கிறேன்’ என்பதோடு முடிகிறது என்று நான் சொன்னதெல்லாம் பிற்பாடு கண்டுபிடித்த காரணம். வகுப்பில் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

நான் இந்த ஊருக்குப் புறப்பட்ட அன்று பெட்டியை நீங்கள்தான் தூக்கிக் காரில் வைத்தீர்கள். “எல்லாம் எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டீர்கள். நான் காரில் ஏறி உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவேன். கார் தெரு முனை திரும்பிவிட்டது. அடுத்த வருடம் உங்கள் புத்தகம் தபாலில் வந்தது. ‘என் முகம் பாராமல் அவள் போனாள்’ என்று அதில் இருந்தது.

அன்றிலிருந்து அந்த வரி எனக்கு எழுதிய வரி. அதை என் கையால் இன்னொரு மொழியில் எழுதி, ஒரு ஊரே படிக்கக் கொடுக்க என்னால் முடியவில்லை. வெட்டினேன். நான் நம் மொழியில் ஒரு கவிதைகூட எழுதாததும் இதனால்தான். எழுதினால் நீங்கள் படிப்பீர்கள். மூன்று புத்தகம் போட்டிருக்கிறேன். உங்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில்தான் அனுப்பிவைத்தேன்.

இப்போது அந்தத் தைரியமும் போயிற்று.

தங்கை.

மே 19

என் தங்கைக்கு,

சௌக்கியம். நீ முதலில் தண்ணீர் குடி. பிறகு படி.

அந்தக் கவிதையை எழுதியது நீ புறப்படுவதற்கு இரண்டு வருடம் முன்னால். பழைய வேலை டைரியை எடுத்துப் பார்த்தேன். தபால் நிலையத்துக்கு எதிரே ஏழு மாடிக் கட்டடம். காலை பதினொன்றே காலுக்கு மாட்டிக்கொண்டது, பன்னிரண்டு பத்துக்குத் திறந்தேன். உள்ளே இருந்தது பல் வைத்தியரைப் பார்க்க வந்த ஒரு அம்மாள். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கவிதையை அன்று மத்தியானமே அந்த டைரியின் ஓரத்தில் எழுதினேன், தேதியோடு இருக்கிறது. அச்சுக்கூடத்துக்காரர் தாமதம் செய்ததால் புத்தகம் நீ போன பிறகு வந்தது. நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பற்றிக் கவிதை எழுத என்ன இருந்தது? சாப்பிட்ட தட்டைக் கழுவமாட்டாய் என்பதைத் தவிர?

இருபத்தைந்து வருடமாக ஒரு பல்வலிக்காரியின் பாரத்தை நீ சுமந்திருக்கிறாய். நானோ பதினோரு வருடமாக, என் வரி மட்டம் என்று நினைத்து வெட்டினாய் என்று கறுவிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரையும் ஒரே லிஃப்ட்டில் போட்டுப் பூட்டவேண்டும்.

முகம் பார்க்காமல் போவதைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறேன். கதவு திறந்ததும் நின்று கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்களே, அவர்களுக்கு இன்னும் கால் நடுங்குகிறது என்று அர்த்தம். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கவேண்டும். பார்க்காமல் விடுவிடுவென்று போகிறவர்களுக்குப் பயம் விட்டுவிட்டது. அவர்களுக்குப் போகவேண்டிய இடம் ஞாபகம் வந்துவிட்டது. அப்படிப் போனால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று எனக்கு நிம்மதி. அந்த வரியில் குறை எங்கே இருக்கிறது? அந்த அம்மாள் போன வேகத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டு எழுதிய வரி அது.

கார் தெரு முனை திரும்பியபோதும் நான் வருத்தப்பட்டு நிற்கவில்லை. உன் அண்ணியைக் கேட்டுப் பார்.

உன்னால் எழுத முடியாது என்றாய். நானே எழுதிவிட்டேன். அந்த இரண்டு வரியை உங்கள் ஊர் மொழியில் தனித் தாளில் வைத்திருக்கிறேன். பிழை இருக்கும். திருத்துவதானால் கேட்டுவிட்டுத் திருத்து.

அண்ணன்.

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியைக் கேட்டேன். “வருத்தப்படலையாம்மா? கார் போனப்புறம் அரை மணி நேரம் தெருவிலேயே நின்னாரு. வெயில் ஏறுது உள்ள வாங்கன்னா, காத்து நல்லா வருதுன்னாரு” என்றார். இதற்கு மேல் உங்களை நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

உங்கள் தாளை, யார் எழுதியது என்று சொல்லாமல், செவ்வாய்க்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்தேன். அதில் இலக்கணப் பிழை இரண்டு. முதலில் எல்லோரும் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார்கள். பகலில் குழாய் வேலை செய்துவிட்டு வகுப்புக்கு வருகிற ஒருத்தி மட்டும் எழுதாமல் இருந்தாள். “டீச்சர், விளக்கு எரிகிறதா என்று ‘பார்த்தேன்’ என்கிற இடத்தில் இந்த ஆள் ஒரு சொல் போட்டிருக்கிறாரே, அது எங்கள் ஆட்கள் சொல்லுகிற சொல். வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, சரிதானா என்று கடைசியாகப் பார்ப்போமே, அதற்கு மட்டும்தான் சொல்வோம். நீங்கள் யாரும் இதைப் போட்டிருக்க மாட்டீர்கள்” என்றாள்.

பதினைந்து வருடமாக அந்த மொழியில் எழுதிச் சாப்பிடுகிறேன். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. கையேட்டில் பிடித்தீர்களா?

பிறகு எல்லோரும் பதினாறு வரியையும் சேர்த்துச் சத்தமாகப் படித்தோம். ‘இருக்கிறேன்’ என்பது அழகான வரிதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் உள்ளே ஏறுகிற வரியைத்தான் எல்லோரும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். இனிமேல் முதல் வகுப்பில் கையால் மூடச் சொல்லமாட்டேன். அந்தப் பாடத்தை எடுத்துவிட்டேன்.

பதிப்பாளர் அம்மாளிடம் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை கெஞ்சவில்லை. பதினாறு வரி, இல்லையென்றால் நானும் இல்லை என்றேன். “உங்கள் குடும்பத்தில் எல்லோருமே இப்படித்தானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடைசி இரண்டு வரி ஆசிரியரே மொழிபெயர்த்தது என்று புத்தகத்தில் போடுகிறார்கள். பிழைகளை மட்டும் திருத்தலாமா? கேட்டுவிட்டேன்.

தங்கை.

ஜூன் 18

வாயாடிக்கு,

திருத்தலாம். இரண்டு பிழைதான் என்பதை மற்றவர்களுக்கும் சொல்.

பத்திரம் பதிவுத் தபாலில் போயிற்று. உன் அண்ணி தபால் அலுவலகம் வரை கூடவே வந்தாள், வழியில் மனம் மாறிவிடுவேனோ என்று. பென்சில் குறியை அழித்துவிட்டு, அதற்குச் சற்றுத் தள்ளிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்போது உன் புத்தகங்களை எடுத்திருக்கிறேன். மூன்றும் அலமாரியில் பிரிக்காமலேயே இருந்தன. இரண்டாவதில் பன்னிரண்டாம் பக்கத்துக் கவிதையை நம் மொழிக்குக் கொண்டுவந்து அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். பேருந்து நிழற்குடையில் ஒரு ஆள், சட்டைப் பையில் பேனா கசிந்து நீலமாக இருக்கிறது, அவனுக்கு அது தெரியவில்லை. அண்ணி, “இது நீங்கதான். எத்தனை சட்டையைத் துவைச்சிருக்கேன் நான்?” என்கிறாள். உண்மையைச் சொல். அது நானா?

அண்ணன்.

ஜூலை 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரம் கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பே வந்தது. அந்தக் கையெழுத்தைப் படம் எடுத்து மேசைமேல் ஒட்டியிருக்கிறேன். வேலையைப் பற்றி முடிவு செய்யும் குழு செப்டம்பரில் கூடுகிறது. புத்தகம் அச்சுக்குப் போனதே போதும் என்று துறைத் தலைவர் சொல்கிறார். நடக்கும் என்றுதான் தோன்றுகிறது.

பன்னிரண்டாம் பக்கத்தில் இருப்பது நீங்கள் அல்ல. எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு ஓட்டுநர். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்களைப் பற்றியது அதே புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கம். அதை இப்போது தொடாதீர்கள், அண்ணா. ஆகஸ்டில் விடுமுறை. நாங்கள் இருவரும் பத்தாம் தேதி வருகிறோம், மூன்று வாரம் இருப்போம். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது படியுங்கள்.

தங்கை.

ஜூலை 19

வாயாடிக்கு,

சொன்ன பேச்சைக் கேட்கிற வயதா எனக்கு? உன் கடிதம் வந்த மத்தியானமே நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டேன். ஐந்து வரி போனது. ஆறாவதில் நிறுத்தினேன். அர்த்தம் தெரியாமல் அல்ல. அகராதியே தேவைப்படவில்லை.

உன் அண்ணி வந்து, “என்ன, வெங்காயம் உரிச்சீங்களா?” என்றாள். எழுத்துச் சின்னது, கண் வலிக்கிறது என்றேன். “அப்போ கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அழுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மீதியை நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜன்னல் பக்கம் மேசையை நகர்த்தி இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் முதுகுக்குக் கட்டில் பலகையை மாற்றியாயிற்று.

ஆனால் ஒரு பிழை. ஐந்தாம் வரியில் நம் வாசல் கேட்டின் தாழ்ப்பாள் இடது பக்கம் என்று எழுதியிருக்கிறாய். வலது பக்கம். வருடா வருடம் எண்ணெய் போடுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? சந்தேகமாக இருந்தால், பத்தாம் தேதி நான் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். நீயே வந்து திறந்து பார்.

இப்படிக்கு,
அண்ணன்.